நாலு இஞ்சில் இருக்கு உங்க வண்டியின் குணம்

புது வண்டி வாங்கும்போது நாம் என்னவெல்லாம் கேட்கிறோம்? எத்தனை சிசி, எத்தனை பிஎச்பி, மைலேஜ் எவ்வளவு, டாப் ஸ்பீடு எவ்வளவு. நாலு கேள்விக்கும் பதில் இன்ஜினில் இருக்கு. ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதோ, பைபாஸில் 80-ல் போகும்போது குறுக்கே ஒரு மாடு வந்து நின்றாலோ, உங்களைக் காப்பாற்றுவது இன்ஜின் இல்லை. வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறதா, இல்லையா என்பதுதான்.

அந்த "சொன்ன பேச்சு கேட்கிற" குணத்துக்குப் பெயர் ஹேண்ட்லிங். அது ஏதோ கண்ணுக்குத் தெரியாத மாயம் இல்லை நண்பர்களே. வண்டியின் முன்பக்கத்தில் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர், அதாவது நாலு இஞ்ச் நீளமுள்ள ஓர் அளவு இருக்கு. ஹேண்ட்லிங்கில் பெரும் பங்கு அதற்குத்தான். அதை டேப் வைத்து நேரடியாக அளக்க முடியாது, ஏன்னா அது ஒரு பாகம் இல்லை, ஒரு இடைவெளி. இந்தக் கட்டுரை முடியும்போது உங்க வண்டியில் அது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அதோடு, ஃபோர்க்கை இறக்கி பின்பக்கத்தைத் தூக்கி "மாடிஃபை" செய்யும்போது உண்மையில் எதில் கை வைக்கிறோம் என்பதும் புரியும்.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம்

வண்டியைப் பக்கவாட்டில் இருந்து பாருங்க. ஹேண்டில் பார் திரும்பும்போது ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றித்தான் திரும்புகிறது. சேசிஸின் முன்னால் ஒரு குழாய் இருக்குமே, கோன் செட் உட்காரும் இடம், அதன் நடுவாகப் போகிற கோடு அது. இதை ஸ்டீயரிங் அச்சு என்று வைத்துக்கொள்வோம். அது செங்குத்தாக இருக்காது, பின்னால் சாய்ந்திருக்கும். செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கோ, அதுதான் ரேக்.

சில கம்பெனிகள் இதே கோணத்தைத் தரையிலிருந்து அளந்து போடுவார்கள். ஸ்பெக் ஷீட்டில் "ஸ்டீயரிங் ஹெட் ஆங்கிள் 65 டிகிரி" என்று இருந்தால் பயந்துவிட வேண்டாம். 90-ல் இருந்து கழித்தால் ரேக் 25 டிகிரி. அவ்வளவுதான்.

அடுத்தது ஆஃப்செட். மேலே இருந்து ஹேண்டில் பாரைப் பாருங்க. நடுவில் ஒரு பெரிய நட்டு, இரண்டு பக்கமும் ஃபோர்க் குழாய்கள். இரண்டு குழாய்களின் மையத்தையும் ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு நடு நட்டு வழியாகப் போகாது, கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். அந்த இடைவெளிதான் ஆஃப்செட். பல வண்டிகளில் இது 30 மி.மீ.க்கு அக்கம்பக்கம் இருக்கும்.

இப்போது கதாநாயகன். ஸ்டீயரிங் அச்சை அப்படியே கீழே தரை வரைக்கும் நீட்டுங்க. அது ஓர் இடத்தில் தரையைத் தொடும். முன் டயர் தரையைத் தொடும் இடம் எங்கே இருக்கு? அந்தப் புள்ளிக்குப் பின்னால். இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் உள்ள தூரம்தான் டிரெயில். நான் சொன்ன நாலு இஞ்ச் இதுதான்.

கடைசியாக வீல்பேஸ். முன் சக்கர ஆக்ஸிலில் இருந்து பின் சக்கர ஆக்ஸில் வரை உள்ள தூரம். இது உங்க ஆர்.சி.யிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்க.

சைடு ஸ்டாண்ட் சொல்லும் பாடம்

ஒரு சின்ன விஷயம் கவனித்திருக்கிறீர்களா? வண்டியை சைடு ஸ்டாண்டில் போட்டதும் ஹேண்டில் பார் தானாகவே இடது பக்கம் திரும்பிக்கொள்ளும். யாரும் திருப்பவில்லை, ஏன் திரும்புது?

வண்டி இடது பக்கம் சாய்ந்திருக்கு. தரை டயரை நேராக மேல்நோக்கித் தள்ளுது. ஆனால் வண்டியே சாய்ந்திருப்பதால், அந்தத் தள்ளுதலில் ஒரு பகுதி சக்கரத்துக்கு வலப்பக்கமாக வேலை செய்யும். அது வேலை செய்கிற இடம் ஸ்டீயரிங் அச்சுக்குப் பின்னால், ஏன்னா அங்கே டிரெயில் இருக்கு. சக்கரத்தின் பின்பாகத்தை வலது பக்கம் தள்ளினால் முன்பாகம் இடது பக்கம் திரும்பும். அதாவது, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன் சக்கரம் திரும்புகிறது.

நிற்கிற வண்டியில் இது ஒரு வேடிக்கை. ஓடுகிற வண்டியில் இதுதான் உயிர். வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கினால் சக்கரம் இடது பக்கம் திரும்பும். திரும்பினால் டயர்கள் இரண்டும் சாய்கிற பக்கத்துக்கு நகர்ந்து, வண்டியின் எடைக்கு அடியில் வந்து நிற்கும். விழப்போன வண்டி நிமிர்ந்துவிடும். உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்தி விளையாடும்போது, குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவோம் இல்லையா? அதே வேலையை உங்க வண்டி தானாகச் செய்கிறது.

இன்னொரு வேலையும் டிரெயில் செய்யும். சூப்பர் மார்க்கெட் டிராலியின் முன் சக்கரங்களைப் பாருங்க. நீங்க தள்ளியதும் அவை சுழன்று, திருகு அச்சுக்குப் பின்னால் போய் நேராகிவிடும். அச்சு முன்னால் போக, தரையைத் தொடும் இடம் பின்னாலேயே இழுபட்டு வரும். பைக்கிலும் அதே கதைதான். ஒரு கல்லில் ஏறி சக்கரம் லேசாகத் திரும்பினாலும், டயரின் பக்கவாட்டு விசை அதை மறுபடி நேராக்கிவிடும். டிரெயில் எவ்வளவு அதிகமோ, அந்தத் திருப்பு விசைக்கு அவ்வளவு நெம்புகோல் நீளம்.

மெக்கானிக்கல் பசங்க இந்த இடத்தில் கை தூக்குவீங்க: "கைரோஸ்கோபிக் எஃபெக்ட்தானே வண்டியை நிறுத்துது?" டைனமிக்ஸ் பாடத்தில் படித்தது வீண் இல்லை. சுழலும் சக்கரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் சைக்கிளின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த் திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, கைரோஸ்கோபிக் விளைவை அடித்துப்போட்டார். அந்த சைக்கிளையும் அவரால் ஓட்ட முடிந்தது. 2011-ல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் ஒருபடி மேலே போய், கைரோஸ்கோபிக் விளைவும் டிரெயிலும் இரண்டுமே இல்லாத ஒரு சின்ன சைக்கிளைச் செய்து, அதுவும் தானாக நிமிர்ந்து ஓடுவதை சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். எடை எங்கே உட்கார்ந்திருக்கு என்பதை வைத்தே அவர்கள் அதைச் சாதித்தார்கள். ஆக, வண்டி நிற்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனால் நாம் ரோட்டில் ஓட்டும் பைக்குகளில், டிசைனரும் கைவைக்கிற, ஒர்க்‌ஷாப்பில் நாமும் தெரியாமல் கைவைத்துவிடுகிற அளவு டிரெயில்தான்.

கணக்கு ரொம்ப எளிது

டிரெயில் = (டயர் ஆரம் × சைன் ரேக் − ஆஃப்செட்) ÷ காஸ் ரேக்

பிளஸ் டூ முக்கோணவியல்தான். ஓர் உதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். 17 இஞ்ச் சக்கரம், டயரோடு சேர்த்து ஆரம் 300 மி.மீ. ரேக் 25 டிகிரி. ஆஃப்செட் 35 மி.மீ. வீல்பேஸ் 1350 மி.மீ.

300 × 0.4226 = 126.8
126.8 − 35 = 91.8
91.8 ÷ 0.9063 = 101.3 மி.மீ.

நாலு இஞ்ச் வந்துவிட்டதா? இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம்.

ரேக்கை 24 டிகிரி ஆக்கினால் டிரெயில் 95 மி.மீ. ஒரே ஒரு டிகிரிக்கு 6 மி.மீ. போய்விட்டது.

ஆஃப்செட்டைக் கூட்டினால் டிரெயில் குறையும். நிறைய பேர் இதைத் தலைகீழாக நினைப்பார்கள். சக்கரத்தை முன்னால் தள்ளத் தள்ள, டயர் தரையைத் தொடும் இடம் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்குக் கிட்டே வந்துவிடுகிறது.

சக்கரத்தைச் சிறிதாக்கினாலும் டிரெயில் குறையும். இதே வண்டியில் ரேக்கும் ஆஃப்செட்டும் மாறாமல், ஸ்கூட்டருக்குப் போடுகிற மாதிரி 12 இஞ்ச் சக்கரம், டயரோடு 233 மி.மீ. ஆரம் என்று போட்டுப் பாருங்க. டிரெயில் 70 மி.மீ. தான் வரும்.

"அப்போ டிரெயிலை 150 வைத்துவிட்டால் வண்டி ஆடவே ஆடாதே?" நல்ல கேள்வி. நேராகப் போகும். ஆனால் திருப்பவும் விடாது. நேராகப் போகணும் என்று அடம்பிடிக்கிற வண்டியைத் திருப்ப நீங்கதான் அதிக விசை கொடுக்கணும். அதோடு, ரேக் ரொம்ப அதிகமாக இருந்தால், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கம் "தொப்"பென்று விழும். ட்ராஃபிக்கில் நீளமான க்ரூஸர் வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஹேண்ட்லிங் என்பது கொடுத்து வாங்குகிற கணக்கு. சுறுசுறுப்பு வேணும்னா நிதானத்தில் கொஞ்சம் விடணும், நிதானம் வேணும்னா சுறுசுறுப்பில் கொஞ்சம் விடணும்.

ஒரே இன்ஜின், இரண்டு குணம்

கேடிஎம் 390 டியூக், ஆர்சி 390 இரண்டின் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்க. இரண்டுக்கும் அதே 373 சிசி இன்ஜின். ஆனால் டியூக்கின் ஸ்டீயரிங் ஹெட் ஆங்கிள் 65 டிகிரி, வீல்பேஸ் 1367 மி.மீ. ஆர்சியில் 66.5 டிகிரி, வீல்பேஸ் 1340 மி.மீ. நம் பாஷையில் ரேக் 25-ல் இருந்து 23.5 ஆகிவிட்டது, நீளம் 27 மி.மீ. குறைந்துவிட்டது. தெருவுக்கு ஒன்று, ட்ராக் பழக்கத்துக்கு ஒன்று. இன்ஜினைத் தொடாமல், ஒன்றரை டிகிரியில் வண்டியின் சுபாவத்தையே மாற்றிவிட்டார்கள். கம்பெனி இன்ஜினியர்களுக்கே ஒன்றரை டிகிரி ஒரு பெரிய விஷயம் என்பதை மனதில் வையுங்க, கொஞ்ச நேரத்தில் இது தேவைப்படும்.

அந்த ஸ்பெக் ஷீட்டில் வீல்பேஸுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 15 மி.மீ. என்று இருக்கும். செயினை டைட் செய்யும்போது பின் ஆக்ஸில் முன்பின் நகருகிறதே, அதுதான்.

வீல்பேஸ் மட்டும் வைத்து நம் ரோட்டு வண்டிகளை வரிசைப்படுத்தினால் அவற்றின் குணம் தெரியும். ஸ்பிளெண்டர் பிளஸ் 1236 மி.மீ. சந்து பொந்தில் எலி மாதிரி நுழையும். ஆர்15 வி4 1325 மி.மீ. பழைய ஹிமாலயன் 411 ஏறக்குறைய 1465 மி.மீ. அவெஞ்சர் க்ரூஸ் 220 ஏறக்குறைய 1490 மி.மீ. ஹைவேயில் ரயில் மாதிரி போகும், ஹாஸ்டல் கேட்டில் யூ டர்ன் போட இரண்டு தடவை பின்னால் தள்ளணும். இதில் நல்லது கெட்டது இல்லை. எதற்காகச் செய்தார்களோ அதற்கு அது சரி.

வலது பக்கம் திரும்ப வலது கையைத் தள்ளணும்

இது கேட்டால் நம்ப மாட்டீங்க. 30, 40 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி வலது பக்கம் திரும்பணும்னா, முதலில் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பணும். அதாவது வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளணும். பைக் ஓட்டுகிற எல்லாருமே இதைத்தான் செய்கிறோம், செய்கிறோம் என்று தெரியாமலே. இதற்கு கவுண்டர் ஸ்டீயரிங் என்று பெயர்.

நடப்பது இதுதான். வலது கைப்பிடியைத் தள்ளியதும் சக்கரம் நூலளவு இடது பக்கம் திரும்பும். டயர்கள் இடது பக்கம் நகரும். மேலே இருக்கிற எடை அங்கேயே இருப்பதால் வண்டி வலது பக்கம் சாயும். சாய்ந்ததும், சைடு ஸ்டாண்ட் பாடம் ஞாபகம் இருக்கா, முன் சக்கரம் தானாகவே வலது பக்கம் திரும்பிவிடும். வண்டி வளைவில் உட்கார்ந்துவிடும். எல்லாம் அரை நொடியில் முடிந்துவிடும்.

எவ்வளவு சாயணும்? சாய்வுக் கோணத்தின் டேன் = வேகத்தின் வர்க்கம் ÷ (ஈர்ப்பு முடுக்கம் × வளைவின் ஆரம்). 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்தில் போனால் ஏறக்குறைய 27 டிகிரி சாயணும். அதே வளைவில் 60-ல் போனால் 49 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, ஆனால் 49 டிகிரி சாதாரண ரோட்டு வண்டிக்கும் டயருக்கும் கட்டுப்படியாகாது. ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும், மணல் கிடந்தால் அதற்கு முன்பே டயர் வழுக்கும்.

வளைவில் வேகம் கூடிப்போய் பயந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் கையை இறுக்கிக்கொண்டு, ஹேண்டிலை வளைவின் பக்கமே திருப்பப் பார்ப்பார்கள். இப்போது உங்களுக்குத் தெரியும், அப்படிச் செய்தால் வண்டி சாய்வதற்குப் பதில் நிமிர்ந்து ரோட்டை விட்டு வெளியே போகும். காலியான நேர் ரோட்டில், ஹெல்மெட் போட்டு, 40 கி.மீ. வேகத்தில் உள்ளங்கையால் மட்டும் மெதுவாகத் தள்ளி இதைப் பழகிப் பாருங்க. ஒரு நாள் அவசரத்துக்குக் கை தானாகச் சரியாக வேலை செய்யும்.

பிரேக் பிடிக்கும்போது வேறு வண்டி

இதுவரை சொன்ன அளவுகள் நிற்கிற வண்டிக்கு. ஓடும்போது அவை மாறிக்கொண்டே இருக்கும்.

முன் பிரேக்கை அழுத்தினால் ஃபோர்க் அமுங்கும், பின்பக்கம் எழும்பும். வண்டி மொத்தமாக மூக்கு கீழே சாயும். ஸ்டீயரிங் அச்சும் கூடவே நிமிரும், ரேக் குறையும், டிரெயில் குறையும். நம் உதாரண வண்டியில் முன்பக்கம் 72 மி.மீ. இறங்கி, பின்பக்கம் 20 மி.மீ. ஏறினால், 1350 மி.மீ. நீளத்துக்கு அது ஏறக்குறைய 3.9 டிகிரி. ரேக் 25-ல் இருந்து 21-க்கு வந்துவிடும். டிரெயில் 101-ல் இருந்து 78 மி.மீ. ஆகிவிடும். டிசைனர் இதையும் கணக்கில் வைத்துத்தான் 101 என்று வைத்திருப்பார். குறைந்தாலும் 78 மிச்சம் இருக்கும்.

இப்போது மாடிஃபிகேஷனுக்கு வருவோம். "ஸ்போர்ட்டி லுக்" வேணும்னு ஃபோர்க் குழாய்களை க்ளாம்பில் மேலே ஏற்றி, முன்பக்கத்தை 18 மி.மீ. இறக்குகிறோம். பின்னால் ஷாக் அப்சார்பரை உயர்த்தி 30 மி.மீ. தூக்குகிறோம். மொத்தம் 48 மி.மீ. பார்க்க அழகாகத்தான் இருக்கும். கணக்கு என்ன சொல்லுது? ரேக் 2 டிகிரி குறைந்து 23. டிரெயில் 89 மி.மீ. கம்பெனி ஒன்றரை டிகிரி மாற்றி இன்னொரு வண்டியே செய்தது. நாம் இரண்டு டிகிரியை ஒரு ஸ்பேனரால் மாற்றிவிட்டோம். அவர்கள் சேசிஸ், சஸ்பென்ஷன், டயர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகுதான் விற்றார்கள். நாம் அதில் எதையும் செய்யவில்லை.

இதோடு அதே மாதிரி பிரேக் பிடித்தால்? டிரெயில் 67 மி.மீ.க்கு இறங்கிவிடும். ஒரிஜினல் வண்டி நிற்கும்போது இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அது எப்போது போகுது பாருங்க: மாடு குறுக்கே வந்து, நீங்க முழு பலத்தோடு பிரேக் பிடிக்கிற அந்த நேரத்தில். வண்டி சாதாரணமாக ஓடும்போது "சூப்பரா திரும்புது மச்சான்" என்றுதான் தோன்றும். பிரச்சினை தெரிய வருவதே அவசர நேரத்தில்தான்.

பெரிய சைஸ் டயர் போட்டாலும் இதே கதை. பின்னால் உயரமான டயர் போட்டால் அதுவும் பின்பக்கத்தைத் தூக்கும். ரிம்முக்குப் பொருந்தாத அகல டயர் அதன் வட்ட வடிவத்தையே இழந்து, சாயும்போது ஒரே சீராக உருளாது. இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தைத் தொந்தரவாக நினைக்கிறவர்கள் மேலே உள்ள கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம்.

அளவு சரி, பாகம் சரியா?

ரேக், டிரெயில் எல்லாம் கம்பெனி வைத்தபடியே இருந்தாலும், ஸ்டீயரிங் பாகங்கள் தேய்ந்திருந்தால் பலன் இல்லை. நாலு இடத்தைப் பாருங்க.

ஒன்று, கோன் செட். சேசிஸ் குழாயின் மேலும் கீழும் உள்ள பேரிங்குகள். வண்டியை டபுள் ஸ்டாண்டில் போட்டு, ஒருத்தர் பின்னால் அழுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கணும். இன்னொருத்தர் ஃபோர்க்கின் அடிப்பாகத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டணும். "டக் டக்" என்று ஆட்டம் தெரிந்தால் லூஸ். அடுத்து ஹேண்டிலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாகத் திருப்பணும். நடுவில் ஓர் இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி சிக்கினால் பேரிங் பாதை குழிந்துவிட்டது, மாற்றியே ஆகணும். சில பேர் லூஸாக இருக்கே என்று அதிகமாக டைட் வைத்துவிடுவார்கள். அதுவும் தப்பு. முன் சக்கரம் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள விடாமல் பிடித்துக்கொள்வதால், வண்டி மெதுவாகப் போகும்போது பாம்பு மாதிரி நெளியும்.

இரண்டு, ஸ்விங் ஆர்ம் புஷ். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தால், வளைவில் பின்பக்கம் தனியாகத் திரும்புகிற மாதிரி ஓர் உணர்வு வரும்.

மூன்று, அலைன்மென்ட். செயின் டைட் செய்யும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்த்தவில்லை என்றால் பின் சக்கரம் கோணலாகிவிடும். ஒரு நீள நூலைப் பின் டயரின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து முன் டயர் வரை இழுத்துப் பாருங்க. இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வரணும். விழுந்து எழுந்த வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் ஃபோர்க் பெண்டாகி இருக்கான்னும் பாருங்க.

நாலு, டயர் காற்று. செலவே இல்லாத, எல்லாரும் மறக்கிற விஷயம். காற்று குறைந்த முன் டயர் ஸ்டீயரிங்கைக் கனமாக்கும், வளைவில் சாயத் தயங்கும்.

இவை கெட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தைச் சேர்ந்த ராபின் ஷார்ப் 1971-ல் வெளியிட்ட ஆய்வில் பைக்கின் ஆட்டங்களைப் பிரித்துக் காட்டினார். அதில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஹேண்டில் மட்டும் நொடிக்கு ஏறக்குறைய 6 முதல் 10 தடவை படபடவென்று அடித்துக்கொண்டால் அது வாபிள். முழு வண்டியும் நொடிக்கு 2 முதல் 4 தடவை மீன் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு போனால் அது வீவ். வாபிளுக்கு லூஸ் கோன் செட், தேய்ந்த டயர் மாதிரி முன்பக்கக் கோளாறுகள் தூபம் போடும். வீவ் வேகம் கூடும்போது வரும். பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் கனமான பெட்டி, பை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால் அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். செமஸ்டர் லீவுக்கு மூட்டை கட்டும்போது கனமானதை டேங்க் மேலேயோ சீட்டின் நடுவிலோ வையுங்க.

ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால் கையை இறுக்காதீங்க. இறுக்கிய கை ஆட்டத்தைக் கூட்டும். படாரென்று பிரேக்கும் பிடிக்காதீங்க. முழங்காலால் டேங்க்கைக் கவ்விப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்க. வண்டி நின்றதும் காரணத்தைத் தேடுங்க. ஸ்டீயரிங் டாம்பர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், நல்ல வண்டிக்கு அது கூடுதல் பாதுகாப்பு, கெட்ட கோன் செட்டுக்கு அது வலி மாத்திரை மட்டும்தான் என்று சொல்லுங்க. நோய் உள்ளேயே இருக்கும்.

இந்த வார வேலை

இரண்டு பேர் சேருங்க. சமதளத்தில் ஒருத்தர் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடிக்கட்டும், இரண்டு சக்கரமும் தரையில் இருக்கணும்.

போனில் கோணம் அளக்கும் ஆப்பைத் திறந்து, ஃபோர்க் குழாயோடு ஒட்டி வையுங்க. செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்க. பெரும்பாலான வண்டிகளில் ஃபோர்க்கும் ஸ்டீயரிங் அச்சும் இணையாக இருப்பதால் அதுவே ரேக்.

ஆக்ஸில் மையத்திலிருந்து தரை வரை டேப்பால் அளங்க. அது ஆரம்.

மேலே நடு நட்டின் மையத்துக்கும், இரண்டு ஃபோர்க் குழாய் மையங்களை இணைக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் ஆஃப்செட். ஆக்ஸில் ஃபோர்க் குழாயின் நேரே இல்லாமல் முன்னால் தள்ளி இருக்கும் வண்டி என்றால் அந்தத் தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்க.

கால்குலேட்டரில் போடுங்க. சில மில்லிமீட்டர் முன்பின் வரலாம், பரவாயில்லை. 90-க்கும் 110-க்கும் நடுவில் வந்தால் ஆச்சரியம் இல்லை. கம்பெனி ஸ்பெக்கில் டிரெயில் கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்க. ரொம்ப வித்தியாசம் வந்தால், உங்களுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் எதையோ மாற்றியிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்களுக்கு இது பத்து நிமிஷத்தில் முடிகிற ஒரு சோதனை.

பிறகு கோன் செட்டையும் ஆட்டிப் பாருங்க. லூஸாக இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே மெக்கானிக்கிடம் விடுங்க. அவரிடம் "வண்டி ஆடுது அண்ணா" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், ஹேண்டில் ஆடுதா வால் ஆடுதா, பிரேக் பிடிக்கும்போதா நேராகப் போகும்போதா என்று சொல்லுங்க. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.